யூனிவர்சிட்டி முதல் வருஷமும் கூடவே வர்ற பயமும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

புது இடம், புது ஆளுங்கன்னு நினைச்சாலே ராத்திரி தூக்கம் போயிடுற ஆளா நீங்க? உங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் செமஸ்டர்ல லெக்சர் ஹால் கதவு வரைக்கும் போய், உள்ள ஆளுங்க நிறைஞ்சிருக்கிறத பாத்ததும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு, அப்படியே ரூமுக்குத் திரும்பின நாளுங்க நிறைய. அப்புறம் சில வருஷம் ஜூனியர் பசங்களோட உக்காந்து பேசுறப்போ திரும்பத் திரும்ப வந்த கேள்விங்கதான் கீழ இருக்கிறதெல்லாம். நான் டாக்டர் இல்ல, கவுன்சிலரும் இல்ல, அதையும் மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

கேள்வி: எல்லாரும் சந்தோஷமா சுத்துறாங்க. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லவே இல்ல. உலக சுகாதார நிறுவனம் சார்பா 8 நாட்டுல 19 யூனிவர்சிட்டியில முதல் வருஷ மாணவர்களை மட்டும் எடுத்து ஒரு பெரிய சர்வே பண்ணாங்க, 2018ல ரிசல்ட் வந்துச்சு. கிட்டத்தட்ட 14,000 பேர் பதில் சொன்னாங்க. அதுல 31 சதவீதம் பேருக்கு முந்தின ஒரு வருஷத்துல ஆங்சைட்டி, டிப்ரஷன் மாதிரி ஏதாவது ஒரு மனநலப் பிரச்சனைக்கான அறிகுறி இருந்துச்சு. அதாவது 100 பேர் உக்காந்திருக்கிற ஹால்ல 30 பேர் உங்கள மாதிரி ஏதோ ஒண்ண உள்ள வெச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்காங்க. வெளிய தெரியாது, அவ்வளவுதான். உங்க பயமும் அவங்களுக்குத் தெரியலையே.

கேள்வி: பயப்பட ஒண்ணுமே இல்லன்னு எனக்கே தெரியும், அப்புறம் ஏன் உடம்பு இப்படி நடுங்குது?

ஏன்னா உடம்பு உங்ககிட்ட கேட்டுட்டு நடுங்குறதில்ல. ஆபத்துன்னு மூளைக்கு ஒரு சந்தேகம் வந்தா போதும், அட்ரினலின் ரத்தத்துல இறங்கிடும். இதயம் வேகமா அடிக்கும், மூச்சு மேலாப்புல ஓடும், உள்ளங்கை வேர்க்கும், செரிமானம் அப்படியே நின்னு வயித்தைக் கலக்கும். சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகுறது இதுன்னு வால்டர் கேனன்னு ஒரு உடலியல் ஆராய்ச்சியாளர் 1915லயே எழுதி வெச்சுட்டார். துரத்துற மிருகத்துக்கிட்ட இருந்து தப்பிக்க வந்த ஏற்பாடு, "உங்க பேர் சொல்லி அறிமுகப்படுத்திக்கோங்க"ன்னு ப்ரொஃபசர் சொல்றப்பவும் அதே வேகத்துல வேலை செய்யுது. உங்க உடம்புல எதுவும் கெட்டுப் போகல. அலாரம் சரியாத்தான் இருக்கு, கொஞ்சம் சீக்கிரமா அடிச்சுடுது. இத புரிஞ்சுக்கிட்டாலே பாதி பாரம் இறங்கும், எனக்கு இறங்குச்சு.

கேள்வி: பயம் கொஞ்சம் குறைஞ்சதும் கிளாசுக்குப் போறேன். ரெண்டு வாரம் லேட்டா போனா என்ன ஆயிடும்?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நிதானமா பதில் சொல்லணும், ஏன்னா இந்தப் பக்கத்துல நான் சொல்ல வர்றதே இதுதான். பயம் போன பிறகு போகலாம்னு காத்திருந்தா பயம் போகாது, வளரும். போகப் போகத்தான் பயம் குறையும்.

எப்படின்னு பாருங்க. நான் கதவு வரைக்கும் போய்ட்டு திரும்பினேன்ல, திரும்பி நாலு அடி வெச்ச உடனே ஒரு நிம்மதி வரும். அப்பாடான்னு இருக்கும். அந்த நிம்மதிதான் வில்லன். "உள்ள போயிருந்தா ஏதோ நடந்திருக்கும், நல்லவேளை தப்பிச்சோம்"னு மூளை ஒரு பாடம் எழுதி வெச்சுக்கும். உண்மையில உள்ள போயிருந்தா ஒண்ணும் நடந்திருக்காது, ஆனா அத தெரிஞ்சுக்க மூளைக்கு நாம வாய்ப்பே குடுக்கல. அடுத்த தடவ கதவுகிட்ட போறதுக்கு முன்னாடியே, காரிடார்லயே படபடப்பு ஆரம்பிக்கும். அதுக்கு அடுத்து ரூம்லயே. இப்படி உலகம் சுருங்கிக்கிட்டே வரும், கடைசில படுக்கைதான் மிஞ்சும். நான் அது வரைக்கும் போனேன், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

சரி, என்ன பண்றது? ஒரே நாள்ல முதல் வரிசைல போய் உக்காரச் சொல்லல. படிப்படியா போங்க. நான் பண்ணது இதுதான்: கிளாஸ் இல்லாத நேரத்துல காலி ஹால்ல போய் பத்து நிமிஷம் சும்மா உக்காந்தேன். ரெண்டு நாள் அப்படியே. அப்புறம் கிளாஸ் ஆரம்பிக்க 15 நிமிஷம் முன்னாடியே போய் கதவு பக்கத்துல கடைசி சீட்டுல உக்காந்தேன், ஆளுங்க ஒவ்வொருத்தரா வர்றப்போ அது அவ்வளவு பயமா இல்ல, நிறைஞ்ச ஹாலுக்குள்ள நுழையறதுதான் எனக்குப் பயம்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அடுத்த வாரம் ரெண்டு வரிசை முன்னாடி. ஒவ்வொரு படியிலயும் ஒரே விதிதான், படபடப்பு உச்சத்துல இருக்கிறப்போ எழுந்து வெளிய வரக்கூடாது. கொஞ்சம் இறங்கிற வரைக்கும் இருங்க. இறங்கும், கண்டிப்பா இறங்கும், உடம்பால மணிக்கணக்கா அதே உச்சத்துல இருக்க முடியாது. அது தானா இறங்குறத மூளை பாத்தாத்தான் பழைய பாடம் அழியும்.

இன்னொண்ணு. உடம்பு மட்டும் உள்ள இருந்து மனசு ஒளிஞ்சுக்கிறதும் தப்பிக்கிறதுதான். காதுல இயர்ஃபோன், கண்ணு ஃபோன்ல, யாராவது வந்தா பாத்ரூம். முதல் நாள் இருக்கட்டும், தப்பில்ல. ஆனா ஒண்ணொண்ணா விடணும்.

கேள்வி: லேட்டா நுழைஞ்சா, தப்பா பேசினா, எல்லாரும் என்னையே பாக்குற மாதிரி இருக்கே?

அமெரிக்காவுல கார்னெல் யூனிவர்சிட்டியில மாணவர்களை வெச்சே இத சோதிச்சுப் பாத்திருக்காங்க. ஒரு பையனுக்கு போட்டுக்கவே வெக்கப்படுற மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட டீ ஷர்ட்ட மாட்டி, ஆளுங்க இருக்கிற ரூமுக்குள்ள அனுப்பினாங்க. வெளிய வந்ததும் "எத்தனை பேர் கவனிச்சிருப்பாங்க"ன்னு கேட்டா, கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனிச்சிருப்பாங்கன்னு நினைச்சாங்க. உண்மையில கவனிச்சது கால்வாசிதான். 2000ல வந்த ஆராய்ச்சி இது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க. நீங்க வாய் தடுமாறினது உங்களுக்கு ராத்திரி வரைக்கும் ஓடும், பக்கத்துல இருந்தவனுக்கு அடுத்த நிமிஷமே மறந்திருக்கும், ஏன்னா அவன் அவனோட தடுமாற்றத்த நினைச்சுக்கிட்டு இருக்கான்.

கேள்வி: ஒரு மாசத்துக்குள்ளயே எல்லாரும் கேங் சேந்துட்டாங்க. எனக்கு ஒரு ஃப்ரெண்டு கூட இல்ல, இனிமே கிடைக்குமா?

கிடைக்கும். முதல் மாசத்துல சேர்ற கேங் பாதி பயத்துல சேர்றது, தனியா நிக்கக்கூடாதுன்னு கிடைச்சவங்களோட ஒட்டிக்கிறது. ரெண்டாவது செமஸ்டர்ல பாருங்க, அதுல பாதி கலைஞ்சிருக்கும்.

நட்புக்கு நேரம் பிடிக்கும், அத யாரும் சொல்றதில்ல. அறிமுகமானவர் ஓரளவு ஃப்ரெண்டாக சுமார் 50 மணி நேரம் சேந்து இருக்கணும், நெருங்கின ஃப்ரெண்டாக 200 மணி நேரத்துக்கு மேல ஆகும்னு ஜெஃப்ரி ஹால்ங்கிறவர் 2018ல கணக்கு போட்டுச் சொன்னார். புதுசா ஊர் மாறினவங்களையும் முதல் வருஷ மாணவர்களையும் வெச்சுப் பண்ண ஆராய்ச்சி. அந்தக் கணக்க படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துச்சு, ஏன்னா அதுவரைக்கும் என்கிட்டதான் ஏதோ குறைன்னு நினைச்சிருந்தேன். நாலு வாரத்துல 200 மணி நேரம் எங்க கிடைக்கும்?

அதனால பேச்சுத் திறமைய நினைச்சு கவலைப்படாதீங்க, ஒரே ஆளுங்கள திரும்பத் திரும்ப பாக்குற மாதிரி வாரத்த அமைச்சுக்கோங்க. அதே கிளாஸ்ல அதே சீட்டு. வாரா வாரம் நடக்குற ஏதாவது ஒரு கிளப், ஒண்ணே ஒண்ணு போதும். 1992ல ஒரு சோதனை, யார்கிட்டயும் பேசாம ஒரு கிளாசுக்கு வந்து உக்காந்துட்டு மட்டும் போன பொண்ணுங்கள்ல, அதிக நாள் வந்தவங்களைத்தான் மத்த மாணவர்களுக்கு அதிகம் பிடிச்சுது. பேசவே இல்ல, வெறும் முகப் பழக்கம். கூச்ச சுபாவக்காரங்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேற என்ன இருக்கு.

முதல் வார்த்தை என்ன பேசுறதுன்னா, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட "அசைன்மென்ட் எப்ப குடுக்கணும்?" போதும். அடுத்த நாள் "முடிச்சாச்சா?" அதுக்கு அடுத்த நாள் பேச்சு தானா வரும். பேசி முடிச்சுட்டு "சே, போரடிச்சுட்டேன்"னு தோணும் பாருங்க, அத நம்பாதீங்க. பேசினவங்க நாம நினைக்கிறத விட நம்மள அதிகமா விரும்புறாங்கன்னு 2018ல வந்த இன்னொரு ஆராய்ச்சியும் இருக்கு.

கேள்வி: ரூம்மேட்டோட ஒத்துப் போகல. சொல்லவும் பயமா இருக்கு.

முதல் ரெண்டு வாரத்துலயே லைட் எப்ப அணைக்கணும், ஆளுங்கள கூட்டிட்டு வர்றது, சுத்தம், இந்த மூணையும் பேசிடுங்க. நேர்ல வாய் வரலன்னா மெசேஜ் அனுப்புங்க, தப்பே இல்ல. ரூம்மேட் உயிர் நண்பனாகணும்னு ஒரு கட்டாயமும் கிடையாது.

கேள்வி: வீட்டு ஞாபகம் தாங்கல. தினமும் நாலு தடவ ஃபோன் பண்றேன், வாரா வாரம் ஊருக்குப் போகணும்னு இருக்கு. போகலாமா?

வீட்டு ஏக்கத்த ஒரு நோய்னு நினைச்சு 1688லயே யோஹானஸ் ஹோஃபர்ங்கிற மருத்துவ மாணவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கார், நாஸ்டால்ஜியாங்கிற வார்த்தையே அவர் உண்டாக்கினதுதான். ஊர விட்டு தூரம் போனவங்க உடம்பு சரியில்லாம படுத்ததப் பாத்துட்டு எழுதினார். அதனால உங்க அழுகைய பலவீனம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

போகலாமான்னா, என் அனுபவத்துல முதல் ஒன்றரை மாசம் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா நல்லது. சனி ஞாயிறுலதான் இங்க ஆளுங்க பழகுறாங்க, அப்ப நீங்க இல்லன்னா திங்கக்கிழமை மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஃபோன நிறுத்த வேண்டாம், ஒரு நேரம் வெச்சுக்கோங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 20 நிமிஷம்னு. படபடப்பு வர்ற ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு அடிச்சா அதுவும் அந்தக் கதவுல இருந்து திரும்புற நிம்மதிதான்.

கேள்வி: இங்க இருக்கிற எல்லாரும் புத்திசாலி. நான் ஏதோ தவறி உள்ள வந்துட்டேன்னு தோணுது.

இதுக்கு இம்போஸ்டர்னு ஒரு பேரே உண்டு, 1978ல பாலின் க்ளான்ஸ், சூசான் ஐம்ஸ்னு ரெண்டு உளவியலாளர்கள் வெச்ச பேரு. நல்லா சாதிச்ச பெண்கள்கிட்டயே "நான் ஏமாத்திக்கிட்டு இருக்கேன், ஒரு நாள் மாட்டிப்பேன்"ங்கிற நினைப்பு இருந்தத கவனிச்சாங்க. ஸ்கூல்ல முதல் மார்க் வாங்கினவங்க எல்லாரையும் கொண்டு வந்து ஒரே ரூம்ல போட்டா பாதிப் பேர் பாதிக்குக் கீழதான் இருந்தாகணும், கணக்கு அப்படி. முதல் இன்டர்னல்ல மார்க் குறைஞ்சா அது உங்க அறிவுக்கு வந்த தீர்ப்பு இல்ல, புது முறை இன்னும் பிடிபடலன்னு அர்த்தம்.

அமெரிக்காவுல க்ரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன்னு ரெண்டு பேர் பண்ணி 2011ல வெளியிட்ட ஆராய்ச்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் வருஷ மாணவர்களுக்கு ஒரு மணி நேரம், "நாங்களும் முதல் வருஷம் இப்படித்தான் ஒட்டாம இருந்தோம், அப்புறம் சரியாயிடுச்சு"ன்னு சீனியர்கள் சொன்னத படிக்கக் குடுத்தாங்க. அவ்வளவுதான். அடுத்த 3 வருஷத்துல கறுப்பின மாணவர்களோட மார்க் நல்லாவே ஏறுச்சு. அதனால ஒரு சீனியர பிடிச்சு "முதல் வருஷம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"ன்னு கேளுங்க. கேட்டா கொட்டுவாங்க.

கேள்வி: புத்தகத்த திறந்தா எதுவும் ஏறல, பயத்துலயே தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன்.

தள்ளிப் போடுறதும் கதவுல இருந்து திரும்புறதும் ஒண்ணுதான், சோம்பேறித்தனம் இல்ல. ஆரம்பிக்கிறதுதான் பயம், அதனால ஆரம்பத்த சின்னதாக்குங்க. பத்து நிமிஷம், ஒரு பத்தி, மோசமா எழுதினாலும் பரவால்ல. படிக்கிற முறைய பொறுத்தவரைக்கும், திரும்பத் திரும்ப வாசிக்கிறத விட மூடி வெச்சுட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாக்குறது நல்லது. 2006ல ரோடிகர், கார்ப்பிக்கி ரெண்டு பேர் காட்டினது இது: அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா திரும்ப வாசிச்சவங்க முந்தினாங்க, ஒரு வாரம் கழிச்சு வெச்சா எழுதிப் பாத்தவங்கதான். பதட்டக்காரங்களுக்கு இதுல இன்னொரு லாபம், சின்னச் சின்ன பரீட்சை பழகிப் போய் பெரிய பரீட்சை அவ்வளவு அந்நியமா இருக்காது.

கேள்வி: எக்ஸாம் ஹால்ல மூளை அப்படியே வெள்ளைக் காகிதமாயிடுது.

உள்ள போறதுக்கு முன்னாடி 10 நிமிஷம் உங்க பயத்த எல்லாம் ஒரு தாள்ல எழுதுங்க, "ஃபெயிலாயிடுவேன், வீட்ல என்ன சொல்லுவாங்க" எல்லாத்தையும், அப்புறம் கிழிச்சுப் போடுங்க. இப்படி எழுதின பதட்டக்கார மாணவர்கள் நல்லா பண்ணாங்கன்னு 2011ல ரமிரெஸ், பைலாக் ரெண்டு பேரோட ஆராய்ச்சி காட்டுச்சு. உள்ள போன பிறகு வெள்ளையாச்சுன்னா மூச்ச உள்ள இழுக்குறத விட வெளிய விடுறத நீளமாக்குங்க, 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்க, அஞ்சாறு தடவ. அப்புறம் தெரிஞ்ச ஏதோ ஒரு கேள்விய முதல்ல எழுதுங்க, வரிசைப்படிதான் எழுதணும்னு இல்ல.

கேள்வி: ப்ரெசென்டேஷன் இருக்கு. "அமைதியா இரு, அமைதியா இரு"ன்னு சொல்லிப் பாத்தும் வேலைக்காகல.

ஆகாது. ஓடிக்கிட்டு இருக்கிற இதயத்த திடீர்னு நிறுத்த முடியாது. அதுக்குப் பதிலா "எனக்கு உற்சாகமா இருக்கு"ன்னு வாய் விட்டுச் சொல்லுங்க, அலிசன் வுட் ப்ரூக்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் 2014ல சோதிச்சப்போ அப்படிச் சொன்னவங்க அமைதியா இருக்கேன்னு சொன்னவங்கள விட நல்லா பேசினாங்க. படபடப்பும் உற்சாகமும் உடம்புக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான். முதல் ரெண்டு வாக்கியத்த மட்டும் தூக்கத்துல கேட்டாலும் சொல்ற மாதிரி மனப்பாடம் பண்ணிடுங்க.

கேள்வி: ராத்திரி படுத்தா மண்டைக்குள்ள ஓட்டம் நிக்கவே மாட்டேங்குது.

நினைக்காதேன்னா கூடத்தான் நினைக்கும். வெள்ளைக் கரடிய நினைக்காதீங்கன்னு 1987ல டேனியல் வெக்னர்ங்கிற உளவியலாளர் சொல்லிப் பாத்தார், எல்லாரும் கரடியத்தான் நினைச்சாங்க. சாயங்காலத்துல 20, 30 நிமிஷம் கவலைக்குன்னே ஒதுக்கி, நோட்டுல எழுதுங்க. ராத்திரி வந்தா "நாளைக்கு ஆறு மணிக்கு பாத்துக்கலாம்"னு தள்ளிடுங்க. அதோட மத்தியானத்துக்கு மேல காபி வேண்டாம், குடிச்சதுல பாதி கஃபீன் சுமார் 5 மணி நேரம் கழிச்சும் ரத்தத்துல இருக்கும், படபடப்பையும் கூட்டும்.

கேள்வி: திடீர்னு மூச்சு முட்டி, செத்துடுவேன் போல இருந்துச்சு. பேனிக் அட்டாக்கா?

இருக்கலாம், ஆனா முதல் தடவைன்னா டாக்டர்கிட்ட காட்டிடுங்க, தைராய்டு, இதயம் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துடணும். பேனிக்தான்னு தெரிஞ்சா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, அது பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கும். எதிர்த்து சண்டை போடாதீங்க. உக்காருங்க, காலத் தரைல அழுத்துங்க, அலை மாதிரி வரட்டும் போகட்டும்.

கேள்வி: எப்ப கவுன்சிலர்கிட்ட போகணும்?

நினைச்சத விட சீக்கிரமா. ரெண்டு வாரத்துக்கு மேல கிளாஸ், தூக்கம், சாப்பாடு இதுல ஏதாவது ஒண்ணு கெட்டா போங்க, முத்திப் போற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஜிஏடி 7ன்னு பதட்டத்த அளக்குற 7 கேள்வி உள்ள ஒரு சின்னத் தாள் தருவாங்க, 21க்கு எத்தனைன்னு பாப்பாங்க, 10 அல்லது அதுக்கு மேலன்னா இன்னும் விசாரிப்பாங்க. சிபிடின்னு ஒரு பேச்சு சிகிச்சை இருக்கு, நான் மேல சொன்ன படிப்படியா போறதெல்லாம் அதுலதான் முறையா சொல்லித் தருவாங்க. டாக்டர் மாத்திரை குடுத்தா அது வேலை செய்ய சில வாரம் ஆகும், நீங்களா நடுவுல நிறுத்தாதீங்க. வாய் வரலன்னா ஒரு சீட்டுல எழுதிக்கிட்டுப் போய் குடுங்க. நான் அப்படித்தான் குடுத்தேன், நாலு வரி, அவங்க படிச்சுட்டு "எத்தனை நாளா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

உயிரோட இருக்க வேண்டாம்னு ஒரு நினைப்பு வந்தா மட்டும் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீங்க. அந்த நிமிஷமே பக்கத்து ரூம் கதவ தட்டுங்க, உங்க நாட்டு ஹெல்ப்லைனுக்கோ அவசர எண்ணுக்கோ அடிங்க, தனியா இருக்காதீங்க.

கேள்வி: வீட்ல எப்படி சொல்றது?

"எனக்கு ஆங்சைட்டி"ன்னு ஆரம்பிச்சா சிலர் வீட்ல புரியாது. "ராத்திரி தூக்கம் வரல, கிளாசுக்குப் போறதுக்குள்ள நெஞ்சு அடிச்சுக்குது, இங்க ஒருத்தர்கிட்ட பேசப் போறேன், நீங்க கேட்டுக்கிட்டா மட்டும் போதும்"னு சொல்லிப் பாருங்க. அறிவுரை வேண்டாம், கேட்டா போதும்னு முன்னாடியே சொல்லிடுறது முக்கியம்.

கேள்வி: நாளைக்கு காலைல முதல் கிளாஸ். இன்னிக்கு ராத்திரி என்ன பண்ணட்டும்?

வெளிச்சம் இருக்கிறப்பவே ஒரு தடவ அந்த ரூம் எங்க இருக்குன்னு நடந்து பாத்துட்டு வந்துடுங்க, எத்தனை நிமிஷம் ஆகுதுன்னும் பாத்துக்கோங்க. பைய கட்டி கதவு பக்கத்துல வெச்சுடுங்க. காலைல 15 நிமிஷம் முன்னாடி போங்க, கதவு பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கும். பக்கத்துல யாராவது வந்து உக்காந்தா இந்த ரூம்தானான்னு கேளுங்க, அவங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருக்கும்.